மணி அடிக்கும் வரை

டாம்சின் மூன்றாவது தலையணையை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தபோது மைதானத்தில் கூச்சல் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே உடைந்து, சலிப்பாக இழுத்து அடங்கியது.

"நம்மளுதுதான்," என்றார் ஜேப்ஸ் ட்ரெகியர். கண்ணைத் திறக்கவில்லை. "கோல் இல்ல. ஓரக் கம்பத்துக்குள்ள போயிருக்கு. ஒரே பாயிண்ட்."

"பேசாதீங்கப்பா. மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். இனிமே சேத்து வெச்சு என்ன பண்ணப் போறேன்?"

பார்லித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. காலையில் அவளே சவரம் செய்துவிட்ட தாடை. சவரம் முடிந்ததும் முரட்டுத் துண்டால் கன்னம் இரண்டையும் தேய்க்கச் சொன்னார். தோல் எரியும்படி தேய்த்தாள். கொஞ்சம் சிவப்பு ஏறியது. அப்புறம்தான் அவள் தம்பி பாஸ்கோவை அறைக்குள் கூப்பிட்டார்.

பாஸ்கோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். இருபத்து நாலு வயது. அப்பா பதினொரு வருடம் வைத்திருந்த கேப்டன் பதவி இந்த வருடம்தான் அவனுக்கு வந்தது. அன்று கூரம்பா ஊர் அணிக்கு எதிராக இறுதி ஆட்டம்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"போன வாரம் சொன்னதுதான்," என்றாள் டாம்சின்.

டாக்டர் போன வாரம் சொன்னதைச் சொல்லவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை தாங்கினால் அதிசயம் என்றார். கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடச் சொன்னார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் ஜேப்ஸ் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் பாறை துளைத்த கை. நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி ஏறிய பிறகும் அந்தப் பிடியில் மட்டும் குறை இல்லை.

"மணி அடிக்கிற வரைக்கும் அவன்கிட்ட ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. கேட்டுச்சா?"

"அப்பா, அவனுக்குத் தெரியாம..."

"ஆட்டம் முடியுற கடைசி மணி. அதுக்கு முன்னால கூடாது."

எங்கள் சுரங்க ஊரான பிளாக் ரீஃபில் பந்து உதைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பின்வரிசைக்காரனை முன்னால் நிறுத்தினால் கையைப் பிசைவான், கோல் போடுகிறவனைப் பின்னால் தள்ளினால் முறைத்துக்கொள்வான். ஜேப்ஸ் அப்படியில்லை. ஆள் குறைகிற இடத்துக்கெல்லாம் தானே போவார். நாலு பகுதி ஆட்டத்தின் முதல் பகுதியில் கோல் வாயைக் காப்பார், மூன்றாம் பகுதியில் எதிர்க் கோல் வாயில் நின்று வலது காலிலும் இடது காலிலும் உதைப்பார். வெள்ளைக் கோட்டு மாட்டிய கோல் நடுவர் நிற்கும் இடம் ஒன்றுதான் ஜேப்ஸ் நிற்காத இடம் என்று மதுக்கடையில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியைச் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள், ஏனென்றால் அவர் வாய் அப்படி. கேப்டன் சொன்னால் சொன்னதுதான்.

மலாக்கி க்வின் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதாம் வருட இறுதி ஆட்டத்தில், இரண்டாவது இடைவேளையில் மலாக்கிக்கு ஒரு தந்தி வந்தது. அம்மா காசில்மெய்னில் கடைசிப் படுக்கையில் இருக்கிறாள், உடனே புறப்படு. தந்திப் பையன் அதைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டான். ஜேப்ஸ் படித்தார், நாலாக மடித்தார், காலுறைக்குள் சொருகிக்கொண்டார். கடைசி மணி அடித்து, கோப்பை கைக்கு வந்து, ஊரே மைதானத்துக்குள் பாய்ந்த பிறகு எடுத்துக் கொடுத்தார். மலாக்கி போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மலாக்கி ஜேப்ஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளப்பை விட்டும் போகவில்லை. முழங்கால் போன பிறகு, ஸ்டாண்டுக்கு அடியில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குக் கதவுக்காரராக நின்றார். சனிக்கிழமை தவறாமல் ஜேப்ஸுக்குக் கதவைத் திறந்துவிடுவார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஜேப்ஸும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு உள்ளே போவார். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது. இரண்டு பிடிவாதக்காரர்களும் ஒரே கதவில் வாரம் ஒரு முறை உரசிக்கொண்டதை ஊர் வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டது.

மறுபடி கூச்சல். இந்த முறை அது உடையாமல் உயர்ந்து நின்றது, ஆனால் தூரத்தில், கூரம்பாக்காரர்கள் நின்ற ரயில் பாதைப் பக்கம்.

"அவங்களுது," என்றார் ஜேப்ஸ். "கோல். ஆறு பாயிண்ட் போச்சு. காத்து அவங்க பக்கம். அடுத்த பகுதியில நமக்கு."

பேச்சு முடிந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. டாம்சின் முதுகைத் தாங்கினாள். துணியில் கறுப்பாக ஏதோ வந்தது. பக்கத்து வீட்டு ஓப்பி அக்கா அதைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை மேசையில் வைத்து, அவளைக் கண்ணால் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். ஓப்பி அக்கா புருஷனை இதே தூசிக்குக் கொடுத்தவள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"விளக்கு வெக்கிற வரைக்கும் தாங்காதுடி. பையனைக் கூப்பிடு."

"கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா."

"சாகிறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நாளைக்கு அவன் மூஞ்சியில முழிக்கப் போறது நீதானே?"

அந்த ஒன்றைத்தான் டாம்சின் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அம்மா இல்லாத வீட்டில் பாஸ்கோவுக்கு ஒன்பது வயதானதிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். அவன் வாசலில் நின்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னாள். தந்தியை மடித்துச் சொருகியது அப்பா என்றால், இன்றைக்கு மடித்துச் சொருகியது யார்? அவளுக்குப் பயமாக இருந்தது.

இடைவேளை மணி கேட்டதும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தெரு, அதைத் தாண்டினால் மைதானத்து வேலி. டிக்கெட்டுக்கு மனம் வராதவர்கள் சுரங்கக் கழிவுமண் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் "என்ன டாம்சின், நீயும் எறங்கி ஆடப் போறியா?" என்று கத்தினான். அவள் நிற்கவில்லை. ஸ்டாண்டுக்கு அடியில், மூடிய கதவுக்கு முன்னால் மலாக்கி நின்றிருந்தார். உள்ளேயிருந்து தைல வாசனை வந்தது.

"பொம்பளைங்க வரக் கூடாது," என்றார் எங்கோ பார்த்தபடி.

"பாஸ்கோவைக் கூப்பிட்டு விடுங்க மிஸ்டர் க்வின். அப்பா போய்க்கிட்டிருக்காரு."

அவர் இப்போது அவளைப் பார்த்தார்.

"உங்கப்பன் கூப்பிடச் சொன்னானா?"

ஆமாம் என்றால் கதவு திறந்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது அவளுக்கு.

"இல்ல. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாரு."

மலாக்கியின் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில் சேர்த்தி இல்லை. "தனக்கும் அதே சட்டந்தானா? மாறவே இல்ல அவன்."

அதற்குள் கதவு ஒரு சாண் திறந்து, கிளப் தலைவர் ரோடாவின் தலை எட்டிப் பார்த்தது. விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவின் கீழ் விளையாடியவர்தான், கண்கூடக் கலங்கியது.

"ஒரு மணி நேரந்தானேம்மா. நாங்க ரெண்டு பாயிண்ட் பின்னால இருக்கோம். பதினெட்டுப் பேர்ல ஒருத்தன் போனா அவன் எடத்துக்கு வேற ஆள் எறக்க முடியாது, உனக்குத் தெரியாததா? உங்கப்பா வார்த்தைய நான் எப்படி மீறுவேன்?"

கதவு சாத்திக்கொண்டது. டாம்சின் மலாக்கியைப் பார்த்தாள். ஊரில் ஒருவர் அவளுக்காக அந்தக் கதவை உதைத்துத் திறப்பார் என்றால் அது இவராகத்தான் இருக்க வேண்டும். அவர் தாழ்ப்பாளில் கை வைத்தபடி அசையாமல் நின்றார். அவள் திரும்பி நாலு அடி போன பிறகுதான் பேசினார்.

"அடுத்த இடைவேளைக்கு அவங்க உள்ள வர மாட்டாங்க. நடு மைதானத்துலயே நிப்பாங்க. ஊரே உள்ள போயிச் சுத்தி நிக்கும். அங்க கதவு கெடையாது."

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா விழித்திருந்தார்.

"எங்க போன?"

அவள் நழுவியிருந்த தலையணையைச் சரி செய்தாள்.

"சொல்லிட்டியா?"

"விடல. ரோடா கதவைச் சாத்திட்டாரு."

நிம்மதி வரும் என்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடியது. சட்டம் அவர் போட்டது, அதை ஊர் அப்படியே காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. இனி அவர் அதற்குள் படுத்திருக்க வேண்டியதுதான்.

"வாசல்ல யாரு நின்னா?"

"க்வின்."

"என்ன சொன்னாரு?"

"நீங்க மாறவே இல்லையாம்."

ஜேப்ஸ் சுவரைப் பார்த்தார். மூச்சு ஒவ்வொன்றும் சரளைக்கல்லை மண்வெட்டியில் அள்ளுவது போல வந்தது. மூன்றாம் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெரிய கூச்சல் ஒன்று வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கழிவுமண் மேட்டுப் பக்கம், நம்மவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம். டாம்சின் அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி அறைக் கதவைப் பார்த்தார். அடுத்த கூச்சலுக்கும் கதவைத்தான் பார்த்தார். வெளியே வண்டி ஒன்று போனது, அதன் சத்தத்துக்கும் பார்த்தார்.

"மணி அடிச்சிடுச்சா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "அடிச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

மூன்றாவது முறை உதடு மட்டும் அசைந்தது. இந்த மனிதர் மணியைக் கேட்கவில்லை, மகனைக் கேட்கிறார் என்று டாம்சினுக்குப் புரிந்தது. வாயால் கேட்க மாட்டார். கேட்டுவிட்டால் மலாக்கிக்குச் செய்தது தப்பு என்று ஆகிவிடும். அதைத் தவிர்க்க மகனைப் பார்க்காமலே சாகத் துணிந்த மனிதரை நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர் கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க. நான் போறேன்."

"ஓடு," என்றாள் ஓப்பி.

அவள் வேலியை அடைந்தபோதே மணி அடித்துவிட்டது. நாலு பக்கமும் ஜனங்கள் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்காரர்கள், பைப் பிடிக்கிறவர்கள், குழந்தையைத் தூக்கிய பெண்கள். நடுவில் நீல வெள்ளைச் சட்டைகள் வட்டமாக நின்றன. டாம்சின் முழங்கையால் வழி செய்துகொண்டு போனாள். பாஸ்கோவின் குரல் கேட்டது. "அஞ்சு பாயிண்ட் முன்னால இருக்கோம், ஆனா காத்து அவங்க பக்கம். பந்த ஒசத்தாதீங்க. நடுவுல நான் நின்னு..."

அப்போதுதான் அவளைப் பார்த்தான். ஏப்ரனைப் பார்த்தான்.

"அக்கா?"

"அப்பா போறாருடா. டாக்டர் காலையிலயே சொல்லிட்டாரு. நான்தான் உன்கிட்ட மறைச்சேன்."

வட்டத்தில் இருந்தவர்கள் மூச்சு வாங்குவதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். எலுமிச்சைத் துண்டு சப்பிக்கொண்டிருந்த ஒருவன் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். பாஸ்கோவின் முகம் வெளுத்தது. அவளை அடிப்பானோ என்றுகூட நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"அப்பா கூப்பிட்டாரா?"

"இல்ல. ஆனா கதவையே பாத்துக்கிட்டிருக்காரு."

ரோடா உள்ளே நுழைந்தார். "பாஸ்கோ, இருபத்தஞ்சு நிமிஷம். அவ்வளவுதான். அடிச்சதும் நானே வண்டி வெச்சு..."

பாஸ்கோ வீட்டுப் பக்கம் பார்த்தான், கூட நின்ற பதினேழு பேரைப் பார்த்தான். அவனுக்கும் அதே வளர்ப்புதான். கால் நகரவில்லை. நடுவர் மணிக்கூண்டுக்குக் கை காட்டத் தயாராக இருந்தார். இப்படியே நின்றிருந்தால் மணி அடித்திருக்கும், ஆட்டம் தொடங்கியிருக்கும், எல்லாருக்கும் அதுவே வசதியாகவும் இருந்திருக்கும்.

"என் தந்திய உங்கப்பன் காலுறைக்குள்ள வெச்சிருந்தான்."

மலாக்கி க்வின் கதவை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆட்டம் முடியாமல் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"அந்தக் கடைசிப் பகுதியில நான் ரெண்டு கோல் போட்டேன். என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. எந்தக் கால்ல போட்டேன்னு இன்னைக்குக் கேட்டா ஞாபகம் இல்ல. ரயிலு மட்டும் ஞாபகம் இருக்கு. மூணு பத்து ரயில விட்டுட்டேன். அஞ்சு நாப்பதுலதான் போனேன்." அவர் ரோடாவைப் பார்க்கவில்லை, டாம்சினையும் பார்க்கவில்லை. "என்னடா பாக்குற? ஓடுடா!"

பாஸ்கோ பக்கத்தில் நின்றவனிடம் "நடுவுல நீ நில்லு" என்றான். ஜனங்கள் வழி விட்டார்கள். சிலர் திட்டினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் ஆள் துப்பினான். ஆணி வைத்த பூட்ஸ் தெருக்கல்லில் சறுக்க அவன் ஓடினான், டாம்சின் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அவள் அறைக்குள் நுழைந்தபோது பாஸ்கோ கட்டிலருகே மண்டியிட்டிருந்தான். அப்பாவின் கண் அவன் சட்டையில் இருந்தது, சேறு, கிழிந்த காலர், வேர்வை.

"முடிஞ்சுதா?" என்றார் ஜேப்ஸ்.

பாஸ்கோ ஒரு நிமிடம் தடுமாறினான். "முடிஞ்சுதுப்பா. ஜெயிச்சிட்டோம்."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, கடைசிப் பகுதிக்கான மணி அடித்தது. அதோடு சேர்ந்து நாலாயிரம் தொண்டைகள் கிளம்பின. வீடே குலுங்கியது. ஓப்பி அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்கோ திருடிப் பிடிபட்டவன் போலத் தலையைக் குனிந்தான். டாம்சின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அப்பா கத்தப் போவதற்குக் காத்திருந்தாள். மிச்சமிருக்கிற மூச்சையெல்லாம் அதற்கே செலவழிப்பார் என்றுதான் நினைத்தாள்.

"முடிஞ்ச ஆட்டத்துக்கா இவ்வளவு கூச்சல்?"

"அப்பா..."

"பதினேழு பேரா நிக்கிறாங்க?"

"ஆமாப்பா."

"யாரு விட்டா உன்ன?"

"மலாக்கி."

வெளியே ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது. ஜேப்ஸ் இரண்டு முழங்கையையும் ஊன்றி, டாம்சின் உதவிக்கு வருவதற்குள் தானாகவே, அங்குலம் அங்குலமாகச் சுவரோரம் நகர்ந்தார். கட்டிலில் ஓர் ஆள் உட்கார இடம் உண்டாயிற்று.

"உக்காரு," என்றார். "பூட்ஸக் கழட்டு. போர்வை அழுக்காகும்."

பாஸ்கோவால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. டாம்சின் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். தோல் வார் நனைந்து இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. மேலே அவர்கள் என்ன பேசினார்கள் என்று அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா கழுதை என்று யாரையோ திட்டினார். பாஸ்கோ அழுதுகொண்டே சிரித்தான். இரண்டாவது பூட்ஸ் கையோடு வந்தபோது சரளைக்கல் அள்ளும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் தலை நிமிர்த்தவில்லை. பூட்ஸ் இரண்டையும் கட்டிலடியில் ஜோடியாக வைத்தாள்.

கடைசி மணி அதற்குப் பின் கால் மணி நேரம் கழித்துத்தான் அடித்தது. ஏழு பாயிண்டில் தோற்றதை எங்கள் ஊர் பத்து வருடம் பேசித் தீர்த்தது. பாஸ்கோவோடு பேச்சை நிறுத்தியவர்கள் இருந்தார்கள், குடிக்க வாங்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டபோது டாம்சின் ரோடா என்று நினைத்துத் திறந்தாள். மலாக்கி க்வின் நின்றிருந்தார். அந்த வீட்டு வாசலுக்கு அவர் வந்து அவள் பார்த்ததில்லை. தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். சாவு வீட்டில் மூடுவது போல மூடியிருந்த ஜன்னல் திரைகளை அவர் கவனித்துவிட்டார்.

"பையன் வந்து சேந்தானா?"

"சேந்தான்."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்கு, மிஸ்டர் க்வின். பேசிக்கிட்டாங்க."

"பேசிக்கிட்டாங்களா," என்றார் மலாக்கி. பிறகு, அவள் சொன்னது காதில் விழாதவர் போல மறுபடியும், "நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான். உள்ள வாங்க."

அவர் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாஸ்கோ எழுந்து நாற்காலியை நகர்த்தினான், அவர் உட்காரவில்லை. ஓப்பி அக்கா இன்னும் ஜேப்ஸின் முகத்தை மூடியிருக்கவில்லை. மலாக்கி கட்டிலருகே போய், குனிந்து, இருபத்திரண்டு வருடமாகத் திருப்பிக்கொண்டிருந்த முகத்தை அந்த முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

"உன் பையன் நல்லா ஓடுறான்டா, ஜேப்ஸ்," என்றார்.

அதைச் சொல்லிவிட்டு, ஜேப்ஸ் பதில் சொல்லி முடிக்கட்டும் என்பது போல, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.